தோட்டத்து ஷெட்: தகரமா, சிமெண்ட் ஷீட்டா? அவசரம்

புதுத்தோப்பு:
வணக்கம். தோட்டத்தில் சாமான் வைக்க 10க்கு 12 அடியில் ஷெட் போடணும். வெல்டர் நாளைக் காலையில் வருகிறார், தகரமா சிமெண்ட் ஷீட்டா என்று கேட்கிறார். எது நல்லது? சீக்கிரம் சொல்லுங்கள்.

மடைமாற்றி:
எந்த ஊர்? என்ன மண்? உள்ளே மண்வெட்டி, கடப்பாரை மட்டுமா, உரமூட்டையும் உண்டா?

பட்டறைக்காரன்:
0.5 மி.மீ. கலர் ஷீட் (பெயிண்ட் பூசின தகரம்), 2 இன்ச் சதுர ஜிஐ பைப் (துத்தநாகம் பூசின இரும்புக் குழாய்), கண்ணை மூடிக்கொண்டு போடுங்க. கூரையில் ஸ்க்ரூவை ஷீட்டின் மேட்டில்தான் அடிக்கணும். பள்ளத்தில் அடித்தால் தண்ணீர் ஓடுகிற வழியிலேயே ஓட்டை போட்ட மாதிரி. ரப்பர் வாஷர் பிதுங்கும்வரை முறுக்கவும் விடாதீங்க, ஒரு கோடை தாண்டினால் வெடித்துவிடும்.

பழைய_மிராசு:
மாசம் ஒருமுறை இதே கேள்வி. தேடிப் பார்க்கிற பழக்கம் யாருக்கும் இல்லை. வெல்டரை வரச்சொல்லிவிட்டு யோசிக்கிறவருக்கு என்ன சொல்ல? ஷெட் தரையில் ஆரம்பிக்கும் தம்பி, கூரையில் இல்லை.

புதுத்தோப்பு:
உடுமலைப் பக்கம் சார். கரிசல் மண். பவர் டில்லர், மருந்தடிக்கிற மெஷின், கொஞ்சம் யூரியா. தென்னைக்கு நடுவில்தான் இடம் இருக்கிறது.

மடைமாற்றி:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. கரிசல் மழைக்கு உப்பும், வெயிலுக்கு வெடிக்கும். அதன்மேல் நேராகத் தளம் போட்டால் விரிசல்தான். மேல்மண்ணை வழித்தெடுத்து, கிராவல் கொட்டி, தண்ணீர் விட்டு இடித்துக் கெட்டிப்படுத்திய பிறகு தளம். ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிக்கும், அதனால் கதவு கிழக்கே இருக்கட்டும். யூரியா ஈரத்தை இழுக்கும், தகரத்தையும் அரிக்கும். மூட்டைகளைப் பலகை மேல், சுவரைத் தொடாமல் அடுக்குங்கள். பூச்சிமருந்தைத் தனியாகப் பூட்டி வையுங்கள்.

டெல்டாக்காரன்:
தகரமே வேண்டாம். 2018 கஜா புயலில் எங்கள் தெருவில் பறந்த தகரம் வயலில்தான் கிடைத்தது. சிமெண்ட் ஷீட் போடுங்கள், உள்ளே அனலும் குறைவு.

பட்டறைக்காரன்:
தகரம் பறந்ததா, ஷெட்டின் காலை ஒழுங்காக ஊன்றாமல் பறந்ததா? கான்கிரீட்டில் ஜே போல்ட் (J மாதிரி வளைந்த போல்ட்) புதைத்து, அதில் பிளேட் வைத்துக் காலை இறுக்கினால் அவ்வளவு சுலபமாக அசையாது. அப்புறம், தேங்காய் விழுந்தால் தகரம் நசுங்கும், சிமெண்ட் ஷீட் உடையும்.

பழைய_மிராசு:
சிமெண்ட் ஷீட் என்றால் நம் ஊர்க் கடையில் பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்ததுதான். அறுக்கும்போது பறக்கிற தூசு நுரையீரலுக்குப் புற்றுநோய் கொண்டுவரும். பிரிட்டன் 1999-லேயே தடை போட்டாயிற்று. இங்கே இன்னும் சிபாரிசு நடக்கிறது.

டெல்டாக்காரன்:
எங்கள் தாத்தா காலத்து ஷீட் இன்னும் வீட்டின் மேல் இருக்கிறது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிரிட்டனில் தென்னை இருக்கிறதா ஐயா?

பழைய_மிராசு:
பிரிட்டனில் நுரையீரல் இருக்கிறது.

மடைமாற்றி:
சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள். புதுத்தோப்பு, ஷெட்டை எந்த மரத்துக்கும் நேர்கீழே வைக்காதீர்கள். வெல்டரிடம் ஜே போல்ட்டும் சொல்லிவிட்டீர்களா?

புதுத்தோப்பு:
வெல்டர் வந்துவிட்டார். கலர் ஷீட், கதவு கிழக்கே. மண் வழிக்க ஜேசிபி புதன்கிழமைதான் கிடைக்குமாம். எல்லோருக்கும் நன்றி.

மடைமாற்றி:
சரி, ஜே போல்ட்?