2018 மே, பெங்களூரு: தொங்கு சட்டசபை நாட்களில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

ஸ்ரீராம்புரத்தான்:
மே 15, செவ்வாய். மல்லேஸ்வரம் பக்கம் ஒரு ஸ்வீட் கடையில் கல்லாவில் இருந்தேன். கர்நாடக சட்டசபைத் தேர்தல் ஓட்டு எண்ணும் நாள்; கடைசியில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன். காலையில் பாஜக முன்னிலை பாதியைத் தாண்டியதுமே வார்டு ஆள் ஒருவர் வந்து 15 கிலோ மைசூர்பாகு சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் பெட்டி கட்டக் கட்ட டிவியில் எண் இறங்குகிறது. 104-ல் வந்து நின்றது. மதியத்துக்கு மேல் 78 வைத்திருந்த காங்கிரஸ், 37 வைத்திருந்த மதச்சார்பற்ற ஜனதா தளத்தின் குமாரசாமிக்கே முதல்வர் பதவி என்று அறிவித்துவிட்டது. எடுத்துப்போக வந்தவர் பெட்டிகளைப் பார்க்கிறார், டிவியைப் பார்க்கிறார். கடைசியில், "அண்ணா, இதை எடுத்துட்டுப் போகவா, இங்கேயே இருக்கட்டுமா?" என்று என்னையே கேட்டார். யாரை ஆட்சி அமைக்கக் கூப்பிடுவது என்று ஆளுநர் முடிவு பண்ண வேண்டியதை என்னிடம் கேட்டால்? வியாழக்கிழமை பாஜகவின் எடியூரப்பா முதல்வராகப் பதவியேற்றதும்தான் வந்து எடுத்துப் போனார். பாகு கெட்டியாகிவிட்டிருந்தது.

மைசூர்ரோடு:
அதே வியாழன் ராத்திரி மைசூரிலிருந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். பிடதி ரிசார்ட் பக்கம் வண்டி ஊர்ந்தது. காங்கிரஸ் எம்.எல்.ஏ.க்களை அங்கேதான் வைத்திருந்தார்கள். எங்கள் பஸ்ஸில் பாதிப் பேர் எழுந்து ஜன்னலில் தொங்கினார்கள். ஒன்றும் தெரியவில்லை, இருட்டும் சேனல் வண்டிகளும்தான். பக்கத்து சீட் அஜ்ஜி மட்டும் எழவில்லை. "நம்ம வோட்டு ஒளகே இதே" என்றார், நம்ம ஓட்டு உள்ளே இருக்கு என்று. சொல்லிவிட்டு மத்தூர் வடையைப் பிய்த்து எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார். விடிந்து பார்த்தால் எல்லாரும் ஹைதராபாத்தில்.

கணக்குப்பிள்ளை:
ஸ்ரீராம்புரத்தான், "பாதி" என்று மொட்டையாகச் சொன்னால் எப்படி? சபை 224. ஜெயநகர், ராஜராஜேஸ்வரி நகர் இரண்டிலும் தேர்தல் தள்ளிப்போனதால் அன்று எண்ணியது 222. ஆக 112 வேண்டும். உடனே யாராவது 2006-ல் தமிழ்நாட்டில் திமுகவும் 96 இடத்தோடுதானே ஆட்சி அமைத்தது என்று வருவீர்கள். அது வேறு. அங்கே தேர்தலுக்கு முன்பே சேர்ந்த கூட்டணிக்கு 163 இருந்தது. இங்கே முடிவு வந்த பிறகுதான் கைகோத்தார்கள். ஆனால் 2017 கோவாவில் 40-ல் 17 எடுத்த பெரிய கட்சியான காங்கிரஸை விட்டுவிட்டு, 13 எடுத்த பாஜகவினர் ஆள் சேர்த்து ஆட்சி அமைத்தார்கள். அங்கே ஒரு நியாயம், பெங்களூரில் ஒரு நியாயமா?

அப்புறம், கடைக்காரர்களுக்கு ஒன்று. எண்ணிக்கை நாளில் முன்னிலையை நம்பி ஆர்டர் எடுக்காதீர்கள். முதலில் எண்ணுவது தபால் ஓட்டு, அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. தேர்தல் ஆணையத்தின் பட்டியலில் "வெற்றி" என்ற கட்டம் நிரம்பும்வரை பொறுங்கள். பால் ஸ்வீட் தொடவே தொடாதீர்கள். லட்டு, மைசூர்பாகு என்றால் நாலு நாள் தாங்கும். முழுப் பணத்தையும் முன்னாலேயே வாங்கிவிடுங்கள். என் அனுபவமா? டைபாய்டில் படுத்திருந்தேன்.

இரவுக்காவல்:
அப்பாவுக்கு ஆபரேஷன், ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தேன். பதவியேற்பை நிறுத்தச் சொல்லி காங்கிரஸ் போன வழக்கை உச்ச நீதிமன்றம் புதன்கிழமை ராத்திரி இரண்டு மணிக்கு மேல் எடுத்தது. சத்தமில்லாத டிவி. ஒரு வார்டு பாய் கீழே ஓடும் எழுத்தைப் படித்துப் படித்து எங்களுக்குச் சொன்னார். விடியும் நேரத்தில், "தடை இல்லையாம்" என்றார். நர்ஸ் வந்து, "யாருக்கு என்ன தடை, மருந்து கொடுத்தாச்சா?" என்று ஒரு அதட்டல். ஒன்பது மணிக்குப் பதவியேற்பு, சனிக்கிழமை நம்பிக்கை ஓட்டுக்கு முன்பே எடியூரப்பா ராஜினாமா. அப்பாவை டிஸ்சார்ஜ் பண்ண அதைவிட அதிக நாள் ஆனது.

ஸ்ரீராம்புரத்தான்:
கணக்குப்பிள்ளை, லட்டு நாலு நாள் தாங்குமா? வந்து கல்லாவில் உட்காருங்கள், தெரியும். 2019 ஜூலையில் நம்பிக்கை ஓட்டில் 99-க்கு 105 என்று, அதற்குப் பிறகு வந்த குமாரசாமி அரசு கவிழ்ந்ததே, அப்போதும் அதே ஆள் வந்தார். இந்தத் தடவை எடியூரப்பா சாயங்காலம் பதவியேற்று முடித்த பிறகுதான் எடை போடச் சொன்னார்.