பந்து கணக்கில் n² = 165 என்று வந்து நிற்கிறது

கேள்வி:
ஒரு பையில் n பந்துகள், அதில் 5 சிவப்பு. திருப்பி வைக்காமல் அடுத்தடுத்து இரண்டு எடுத்தால் இரண்டுமே சிவப்பாக இருக்க நிகழ்தகவு 5/33. n எவ்வளவு? மகள் 5/n × 5/n = 5/33 என்று எழுதி, n² = 165 வரை வந்துவிட்டாள், அதற்கு மேல் நகரவில்லை. எங்கே தவறியது?

பதில் 1:
165க்கு முழு வர்க்கமூலம் கிடையாது, பந்து அரையும் காலுமாக இருக்காதே, அதனால் சமன்பாடு அமைத்த இடத்தில்தான் பிழை. முதல் பந்து வெளியே வந்ததும் பையில் மீதி n−1 பந்துகள், சிவப்பு 4. ஆக 5/n × 4/(n−1) = 5/33. குறுக்கே பெருக்கினால் 5n(n−1) = 660, அதாவது n(n−1) = 132.

இனி n² − n − 132 = 0. பெருக்கினால் −132, கூட்டினால் −1 வரும் எண்கள் −12, 11. (n−12)(n+11) = 0. எண்ணிக்கை எதிர்மறையாக இருக்க முடியாது, n = 12.

பதில் 2:
சரியான விடை. அப்புறம், n(n−1) என்பது அடுத்தடுத்த இரண்டு எண்களின் பெருக்கல்தானே, 12 × 11 = 132 என்று பார்த்தவுடனே பிடிபடும், ஆனால் தேர்வில் காரணிப்படுத்தியே எழுதச் சொல்லுங்கள், படிகளுக்கும் மதிப்பெண் உண்டு.

கேள்வி கேட்டவர்:
5/12 × 4/11 = 20/132 = 5/33, சரிபார்த்துவிட்டோம். மிக்க நன்றி. திருப்பி வைத்தால் மட்டும்தான் இரண்டாவது முறையும் 5/n, இல்லையா?

பதில் 1:
ஆமாம், அதேதான்.