ரப்பிள் பைல்: ‘இடிபாட்டுக் குவியல்’ வேண்டாம், ‘கற்குவை’ போதும்

அன்பு நண்பர்களுக்கு,

ஒரே பாறையாக இல்லாமல், துண்டுகள் தம் ஈர்ப்பால் சேர்ந்து குவியலாகக் கிடக்கும் சிறுகோளை ஆங்கிலத்தில் ‘ரப்பிள் பைல்’ என்கிறார்கள். அதற்குத் தமிழாக முந்தைய மடலில் வந்த ‘இடிபாட்டுக் குவியல்’ எனக்கு ஒட்டவில்லை. இடிபாடு என்றதும் கட்டடம்தான் கண்ணில் வருகிறது, யாரோ கட்டியது, பிறகு விழுந்தது. பொருளை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டுப் பெயர் வைப்போமே.

253 மத்தில்டேயை எடுத்துக்கொள்கிறேன். 1885 நவம்பர் 12 அன்று வியன்னாவில் வானியலாளர் யோகான் பலிசா கண்டுபிடித்த சிறுகோள், செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள முதன்மைப் பட்டையில் இருப்பது. நூறாண்டுக்கு மேல் நமக்கு அது வெறும் ஒளிப்புள்ளி. 1997 ஜூன் 27-ல் நாசாவின் நியர் விண்கலம் ஈரோஸ் என்ற இன்னொரு சிறுகோளுக்குப் போகிற வழியில் 1,212 கி.மீ. தொலைவில் கடந்தபோதுதான் முகம் தெரிந்தது. குறுக்களவு 50 கி.மீ.க்குச் சற்று மேல். தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 17 நாளுக்கு மேல் எடுக்கிறது. விழும் ஒளியில் ஏறக்குறைய 4 விழுக்காட்டைத்தான் திருப்புகிறது, அவ்வளவு கருப்பு (அதன் பள்ளங்களுக்கு நிலக்கரி வயல்களின் பெயர்களையே வைத்தார்கள், நம் தாமோதரும் அதில் உண்டு).

சொல்லுக்கு உதவுவது அடர்த்திதான். கலத்தின் பாதையை அது எவ்வளவு இழுத்தது என்பதிலிருந்து நிறையும், படங்களிலிருந்து கன அளவும் கிடைத்தன; வகுத்தால் கன செ.மீ.க்கு 1.3 கிராம். அதே வகையைச் சேர்ந்த கரிம விண்கற்களின் அடர்த்தியோ இதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. அப்படியானால் உள்ளே பாதி அளவு வெற்றிடம்! கரூ என்ற பள்ளம் மட்டும் 30 கி.மீ.க்கு மேல் அகலம், அப்படி ஓர் அடி வாங்கியும் மத்தில்டே சிதறவில்லை. மண்பானை மேல் கல் விழுந்தால் பானை போயிற்று, மணல் மூட்டை மேல் விழுந்தால் பொத்தென்று அமுங்குவதோடு சரி.

ஆக, துண்டுகள் இடைவெளியோடு சேர்ந்து கிடப்பது சொல்லில் தெரிய வேண்டும். ‘குப்பை’க்குப் பழைய பொருள் குவியல்தான், ஆனால் இன்று யாருக்கும் அப்படிக் கேட்காது. சங்கப் பாடல்களின் ‘பதுக்கை’ மிக நெருங்கி வருகிறது, எனக்கு ஆசையும் இருந்தது; ஆனால் அது இறந்தவர் மேல் இட்ட கற்குவியல், இன்றைய காதுக்கோ அரிசிப் பதுக்கல்.

‘குவை’யில் இந்தச் சிக்கல் இல்லை. பொற்குவை போலக் கற்குவை. கற்குவைச் சிறுகோள், கற்குவை அமைப்பு என்று தடையில்லாமல் வளர்கிறது. குவை தரையில் கிடப்பதல்லவா என்று கேட்பீர்கள். இங்கே தரை இல்லை, உண்மைதான், துண்டுகளின் ஈர்ப்பே அவற்றைக் குவிக்கிறது, ‘குவி’ என்ற வினை அதற்கும் பொருந்துகிறது.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள், இல்லையென்றால் நம் கலைச்சொல் பட்டியலில் இதையே சேர்த்துவிடலாம்.