பழைய ஜெர்மன் பேட்ஜ்: தாடிக்காரர், சிங்கம், வருஷத்தில் ஒரு எண் அழிந்திருக்கிறது. யாருக்காவது தெரியுமா?

நாசரேத்_பேரன்:

எல்லோருக்கும் வணக்கம். நாசரேத்தில் எங்கள் பழைய வீட்டை இடித்துக் கட்டப் போகிறோம். சாமான்களை ஒதுக்கும்போது பாட்டையாவின் டிரங்குப் பெட்டியில், சர்ட்டிபிகேட் கட்டுக்கு அடியில், ஒரு பேட்ஜ் கிடைத்தது. பாட்டையா என்றால் என் தாத்தாவின் அப்பா. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தவர், எங்களுக்குத் தெரிந்து கொழும்பைத் தாண்டி எங்கும் போனதில்லை.

போட்டோ ஏற்ற முடியவில்லை, அதனால் எழுதியே சொல்கிறேன். நீள்வட்டம், பழைய ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிது. பித்தளை மாதிரி தெரிகிறது, ஆனால் பள்ளமான இடங்களில் வெள்ளிப் பூச்சு மிச்சம் இருக்கிறது. காந்தம் ஒட்டவில்லை. நடுவில் நீண்ட தாடி வைத்த ஒரு பெரியவர். அவர் தலைக்கு மேலே சிலுவை மாதிரி ஒன்று, கிட்டத்தில் பார்த்தால் நான்கு எஃப் எழுத்துகளை முதுகோடு முதுகு ஒட்டிச் செய்தது. கீழே சின்னக் கேடயம்: ஒரு பாதியில் பின்னங்காலில் நிற்கும் சிங்கம், மறு பாதியில் இரண்டு செங்குத்துப் பட்டை. ஓரத்தில் இலை வளையம். எழுத்து பாதிக்கு மேல் தேய்ந்துவிட்டது, "டாய்ச்சஸ் டுர்ன்" என்பது வரை படிக்க முடிகிறது. வருஷம் 19, அடுத்த எண் சுத்தமாக அழிந்திருக்கிறது, கடைசியில் 3. அடியில் ஒரு துண்டு ரிப்பன் தொங்குகிறது, வெளுத்துப்போன நீலமும் மஞ்சளும். பின்பக்கம் ஊக்கு, அதன் பக்கத்தில் "கெஸ். கெஷ்." என்று இரண்டு சுருக்கம். செய்தவர் பெயரா?

அத்தை இது மிஷனெரி துரை கொடுத்தது என்கிறாள். சித்தப்பா அந்தத் தாடியைப் பார்த்துவிட்டு கார்ல் மார்க்ஸ் என்று அடித்துச் சொல்கிறார். மச்சானோ இது ஹிட்லர் ஆட்கள் குத்திக்கொண்டது, வீட்டில் வைக்காதே என்கிறான். அம்மா புளி போட்டுத் தேய்த்துத் தரட்டுமா என்று கேட்கிறாள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முத்துநகர்_மாலுமி:

இது எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சமாச்சாரமாக இருக்கும் தம்பி. முதல் உலகப் போர் சமயத்தில் இந்தப் பக்கக் கடலில்தான் அது சுற்றியது. அந்த மாலுமிகள் யாராவது தூத்துக்குடியில் விற்றுவிட்டுப் போயிருக்கலாம். துறைமுகத்துக்கு வந்த எத்தனையோ பொருள் உடன்குடி, நாசரேத் என்று உள்ளே போயிருக்கிறது, எங்கள் வீட்டிலேயே அப்படிச் சில உண்டு.

பாளை_பழம்பொருள்:

தம்பி, முதலில் அம்மாவிடம் சொல்லிப் புளியை நிறுத்துங்கள். மற்றதெல்லாம் அப்புறம். புளி போட்டுத் தேய்ப்பது குத்துவிளக்குக்குச் சரி, ஆனால் இந்த மாதிரிப் பொருளில் பள்ளத்தில் ஒட்டியிருக்கும் அந்தக் கொஞ்சம் வெள்ளிப் பூச்சையும் எடுத்துவிடும், பிறகு தேய்ந்த எழுத்தைப் படிக்கவே வழியில்லை. சாம்பல், செங்கல் தூள், பிராசோ எதுவும் வேண்டாம். மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டுங்கள், போதும். ரிப்பனில் தண்ணீரே படக்கூடாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான்கு எஃப் சேர்ந்த அந்தச் சிலுவை சபைச் சின்னம் அல்ல, ராணுவச் சின்னமும் அல்ல. ஜெர்மனியின் உடற்பயிற்சிச் சங்கங்களின் சின்னம் அது, டுர்னர் சிலுவை என்பார்கள். புத்துணர்வு, பக்தி, மகிழ்ச்சி, சுதந்திரம் என்று அவர்கள் கோஷத்தில் வரும் நான்கு ஜெர்மன் சொற்களும் எஃப்பில் தொடங்குகின்றன, அந்த நான்கும்தான் உங்கள் பேட்ஜில் இருக்கிறது. டார்ம்ஸ்டாட் ஊரைச் சேர்ந்த ஃபெல்ஸிங் என்ற செப்புத்தகட்டுச் சித்திரக்காரர் 1840களில் வரைந்து கொடுத்தது. ஹிட்லர் பிறந்தது 1889இல். ஆகவே மச்சானிடம் தைரியமாகச் சொல்லலாம், அந்தச் சின்னத்துக்கு நாஜிக் கட்சியைவிட ரொம்ப வயசு கூட.

தாடிக்காரர் மார்க்ஸ் இல்லை. டுர்னர் சிலுவைக்குக் கீழே நீண்ட தாடியோடு ஒரு முகம் இருந்தால் அது அநேகமாக ஃபிரீட்ரிக் லுட்விக் யான்தான் (1778–1852). பிரஷ்யா என்ற ஜெர்மன் ராஜ்யம் நெப்போலியன் கைக்குள் கிடந்த காலத்தில், 1811இல், பெர்லினுக்கு வெளியே ஹாஸன்ஹைடே என்ற இடத்தில் திறந்தவெளி உடற்பயிற்சிக் களம் அமைத்து இளைஞர்களைத் திரட்டியவர். அரசாங்கத்துக்கே பயம் வந்துவிட்டது, 1819இல் அவரைப் பிடித்து உள்ளே போட்டார்கள், 1820 முதல் 1842 வரை இந்தப் பயிற்சிக்கே பிரஷ்யாவில் தடை. பேரலல் பார் இன்று நாம் பார்க்கும் உருவத்துக்கு வந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. நம் பக்கத்துப் பழைய பள்ளி மைதானங்களில் வேப்பமரத்தடியில் துருப்பிடித்து நிற்கிறதே பேரலல் பார், அது ஆரம்பித்த இடம் இவருடைய களம்தான். உங்கள் பாட்டையா டிரில் மாஸ்டர் என்று படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. இது தற்செயலாகப் பெட்டிக்குள் விழுந்த பொருளாக எனக்குத் தோன்றவில்லை.

அடுத்தது வருஷம். "டாய்ச்சஸ் டுர்ன்" என்று தொடங்குவதால் இது ஏதோ ஒரு வட்டாரப் போட்டிக்கு அடித்ததல்ல, நாடு முழுவதற்குமான பெரிய உடற்பயிற்சி விழா. டுர்ன்ஃபெஸ்ட் என்பார்கள், முதல் விழா 1860இல் கோபுர்க் நகரில் நடந்தது. சிக்கல் என்னவென்றால் இரண்டாம் உலகப் போருக்கு முன்பே 3இல் முடியும் விழா வருஷங்கள் நான்கு இருக்கின்றன: 1903 நூரென்பெர்க், 1913 லைப்சிக், 1923 மியூனிக், 1933 ஸ்டுட்கார்ட். வருஷத்தை மட்டும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் கடைசிவரை முடிவு கிடைக்காது, கேடயத்தைத்தான் பார்க்க வேண்டும். நூரென்பெர்க் என்றால் பாதிக் கழுகும் சாய்ந்த பட்டைகளும் இருக்கும். மியூனிக்குக்கு அங்கி போட்ட துறவி. ஸ்டுட்கார்ட்டுக்குக் குதிரை. ஒரு பாதியில் சிங்கம், மறு பாதியில் இரண்டு செங்குத்துப் பட்டை என்றால் அது லைப்சிக். அந்த நகரத்தின் நிறமும் நீலம், மஞ்சள். உங்கள் ரிப்பனைப் பாருங்கள்.

ஆகவே 1913 லைப்சிக் டுர்ன்ஃபெஸ்ட் என்பது என் முடிவு. அது பன்னிரண்டாவது விழா, ஜூலையில் நடந்தது. நெப்போலியனை லைப்சிக்கில் தோற்கடித்த 1813 போரின் நூற்றாண்டும் அதே வருஷம்தான், அதன் பெரிய நினைவுச்சின்னத்தை அக்டோபர் 18இல் திறந்தார்கள். ஊரே கொண்டாட்டத்தில் இருந்த ஆண்டு.

"கெஸ். கெஷ்." ஆள் பெயர் அல்ல. வடிவம் சட்டப்படி பதிவானது, காப்பி அடிக்கக் கூடாது என்பதன் சுருக்கம், ஆயிரக்கணக்கான ஜெர்மன் பேட்ஜ்களில் இருக்கும். செய்த பட்டறையின் பெயர் இருந்தால் தனியாக, ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும். நூரென்பெர்க்கில் லாவர், ஸ்டுட்கார்ட்டில் மேயர் அண்ட் வில்ஹெல்ம், இந்த மாதிரி.

ஒரு வேலை செய்யுங்கள். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சை பேட்ஜுக்குப் பக்கவாட்டில், கிட்டத்தட்ட மேசையோடு ஒட்டிப் பிடித்து, மெதுவாகச் சுற்றிவாருங்கள். மேலிருந்து பார்த்தால் தெரியாத எழுத்தெல்லாம் நிழல் விழுந்து எழும்பி வரும். தாளை மேலே வைத்துப் பென்சிலால் தேய்க்க வேண்டாம், மேடான இடங்கள் இன்னும் தேயும். "டாய்ச்சஸ்"ஸுக்கு முன்னால் ஒரு எண் இருக்க வேண்டும், 12 என்று வந்தால் பிறகு சந்தேகமே இல்லை.

முத்துநகர்_மாலுமி அண்ணாச்சி, எம்டன் 1914 செப்டம்பர் 22 ராத்திரி சென்னையில் எண்ணெய் டாங்குகளைச் சுட்டுவிட்டு அப்படியே போய்விட்டது, யாரும் கரையிறங்கவில்லை. நவம்பர் 9இல் கோகோஸ் தீவருகே அதன் கதை முடிந்தது. இந்தப் பேட்ஜில் கப்பல் சம்பந்தமாக எதுவும் கிடையாது. ஆனால் துறைமுகம் வழியாக வந்திருக்கலாம் என்பதை நான் தள்ளவில்லை.

டோனாவூர்_பாதை:

மேலே சொன்னது அத்தனையும் எனக்குச் சம்மதம். மிஷனெரி பக்கத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஜில்லாவில் ஜெர்மன் என்றாலே எல்லோருக்கும் உடனே ரேனியஸ் ஐயர்தான் நினைவுக்கு வருவார். அவர் பிரஷ்யாக்காரர், 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்து 1838இல் இங்கேயே இறந்தவர். டோனாவூர் என்ற பெயரே அவருக்குப் பணம் அனுப்பிய டோனா என்ற பிரஷ்யப் பிரபுவின் பெயர்தான். ஆனால் அவர் இறந்து எழுபத்தைந்து வருஷம் கழித்து நடந்த விழாவின் பேட்ஜ் இது. அவருக்குப் பிறகு திருநெல்வேலிச் சபைகள் முழுக்க முழுக்க ஆங்கிலேய மிஷன்களின் கையில்தான் இருந்தன, உங்கள் நாசரேத்தும் அப்படித்தான்.

இருந்தாலும் அத்தை சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். ஊர் எது என்று பாருங்கள்: லைப்சிக். தரங்கம்பாடி, மாயவரம், தஞ்சாவூர் பக்கம் வேலை செய்த லுத்தரன் மிஷனுக்கு 1848இலிருந்து தலைமை இடமே லைப்சிக்தான். 1913க்கும் போர் தொடங்கிய 1914 ஆகஸ்டுக்கும் நடுவில் அங்கிருந்து தமிழ்நாட்டுக்கு வந்த ஒருவர் தன் ஊர் விழாவின் பேட்ஜைக் கொண்டுவருவதில் அதிசயம் ஒன்றும் இல்லை. போர் வந்ததும் ஜெர்மானியர்களைக் காவலில் வைத்தார்கள், பலரை அகமதுநகர் முகாமுக்குக் கொண்டுபோனார்கள், 1915, 16இல் கோல்கொண்டா என்ற கப்பலில் மிஷனெரிகளைக் குடும்பத்தோடு ஊருக்கு அனுப்பினார்கள். அவசரத்தில் விட்டுப்போன, கொடுத்துப்போன சாமான்கள் கைமாறியிருக்கும். இது என் ஊகம்தான், அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழி, பாட்டையா எங்கே பயிற்சி எடுத்தார் என்று பாருங்கள். சென்னையில் பக் துரை 1920இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்தவர்கள்தான் மாகாணம் முழுக்க டிரில் மாஸ்டர்களாகப் போனார்கள். வெளிநாட்டு உடற்பயிற்சி விஷயங்கள் அங்கே புழங்கியிருக்கும். அந்த சர்ட்டிபிகேட் கட்டை ஒவ்வொன்றாகப் பிரித்துப் படியுங்கள். பேட்ஜ் எதற்கு அடியில் இருந்தது, எந்தத் தாளோடு இருந்தது என்பது முக்கியம். வீடு இடிக்கிற அவசரத்தில் பெட்டியையும் தாளையும் தனித்தனியாகப் பிரித்துவிடாதீர்கள், பல வீடுகளில் அங்கேதான் எல்லாம் போய்விடுகிறது.

சேகரிப்பாளன்_7:

விற்கிற எண்ணம் இருந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள். ஜெர்மனியில் ஒருவர் வாங்குவார், தபாலில் அனுப்பிவிடலாம்.

பாளை_பழம்பொருள்:

தம்பி, அவசரப்பட்டு அனுப்பிவிடாதீர்கள். நூறு வருஷத்துக்கு மேலான பொருள், 1972 தொல்பொருள் சட்டத்தில் நூறு வருஷம்தான் கணக்கு. அதன் கீழ் வருமா வராதா என்று தொல்லியல் துறையிடம் கேட்காமல் வெளிநாட்டுக்கு அனுப்பினால் மாட்டிக்கொள்வது நீங்கள்தான். அதோடு பெரிய விழாக்களுக்கு இந்த மாதிரிப் பேட்ஜை நிறைய அடித்து விற்றார்கள், விலை பெரிதாக வராது. உங்கள் குடும்பத்தில் இருந்தால்தான் இதற்கு மதிப்பு.

நாசரேத்_பேரன்:

அண்ணாச்சிமார் எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி டார்ச் பிடித்துப் பார்த்தோம். "டாய்ச்சஸ்"ஸுக்கு முன்னால் 12, பக்கத்தில் புள்ளி, தெளிவாக எழும்பி வந்தது. வருஷத்தில் அழிந்த இடத்தில் ஒரே ஒரு நேர்கோடு தெரிகிறது, அது 1தான். கீழ் ஓரத்தில் "லைப்" வரை படிக்க முடிந்தது.

சர்ட்டிபிகேட் கட்டில் 1924ஆம் வருஷச் சான்றிதழ் ஒன்று இருக்கிறது, சென்னை ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியில் பயிற்சி முடித்ததற்கு. பேட்ஜ் அதற்கு நேர் கீழே இருந்தது என்று அத்தை சொல்கிறாள், அவள்தான் முதலில் எடுத்தவள். யார் கொடுத்தார்கள் என்று எந்தத் தாளிலும் இல்லை. இன்னும் ஒரு கட்டுக் கடிதம் பிரிக்காமல் இருக்கிறது, பூச்சி அரித்து ஒட்டிக்கிடக்கிறது. அதை எப்படிக் கிழியாமல் பிரிப்பது என்று யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

டோனாவூர்_பாதை:

வீட்டில் பிரிக்கவே பிரிக்காதீர்கள். தண்ணீர், ஆவி எதுவும் காட்டாமல் அப்படியே ஒரு அட்டைப் பெட்டியில் படுக்கை வசமாக வைத்து, வெயில் படாத இடத்தில் வையுங்கள். பழைய ஓலைச்சுவடி, தாள்களைப் பராமரிக்கத் தெரிந்த ஆவணக் காப்பாளர் ஒருவர் பார்க்கட்டும். சனிக்கிழமை பாளையங்கோட்டை வர முடியுமானால் தனிச்செய்தியில் சொல்லுங்கள், நான் கூட்டிப்போகிறேன்.