உதவி தேவை: மேற்குப் பார்த்த விறாந்தைக்கு எந்த ஓர்கிட் வாங்கலாம்?

கொக்குவில்_முற்றம்:
வணக்கம். போன வருடம் கண்டிப் பக்கம் போனபோது ஃபலனொப்சிஸ் என்ற ஓர்கிட் ஒன்று வாங்கி வந்தேன். பெரிய வெள்ளைப் பூ, அவ்வளவு வடிவு. வாங்கிய பூ ஆறு கிழமை நின்றது, பிறகு பூக்கவேயில்லை. மாரி மழையில் நடுக்குருத்து அழுகி, தொட்டதும் கையோடு வந்துவிட்டது. அம்மா தினமும் போய்ப் பார்த்த கன்று, மனம் கேட்கவில்லை. இன்னொன்று வாங்க ஆசை, ஆனால் அதையும் சாகவிட முடியாது. விறாந்தை மேற்குப் பக்கம், பின்னேரம் இரண்டு மணிக்குப் பிறகு நேர் வெயில். சோளகம் வந்தால் காற்றும் புழுதியும். ஊற்றுவது கிணற்றுத் தண்ணீர். எந்த இனம் எடுக்கலாம்? கடையில் எதைக் கவனிக்க வேண்டும்?

சுன்னாகம்_அண்ணை:
தங்கச்சி, குருத்து அழுகியது பெரும்பாலும் இலைகளின் நடுவில் மழைத்தண்ணீர் தேங்கி நின்றதால்தான். பூக்காததற்குக் காரணம் வேறு. ஃபலனொப்சிஸ் பூந்தண்டு விட, இரவு வெப்பம் சில கிழமைகள் 25 பாகைக்குக் கீழே இறங்க வேண்டும். மார்கழி, தையை விட்டால் எங்கள் யாழ்ப்பாணத்தில் அந்தக் குளிர் எங்கே? மலைநாட்டில் பூக்கிறதே என்று சிம்பிடியம் என்ற ஓர்கிட்டும் வாங்கிவிடாதீர்கள், அதற்கு இன்னும் குளிர் வேண்டும்.

உங்கள் விறாந்தைக்கு டென்ட்ரோபியம் எடுங்கள். கடைகளில் தண்டு தண்டாக நிற்குமே, ஊதா, வெள்ளைப் பூக்களோடு, அந்தக் கலப்பினம். சூட்டைத் தாங்கும். ஆனால் பின்னேர வெயில் நேராக விழுந்தால் இலை கருகும், அதனால் பாதி வெளிச்சம் விடும் பச்சை வலை ஒன்றைக் கட்டுங்கள். வண்டா என்ற ஓர்கிட்டும் எங்கள் வெயிலுக்கு நல்லதுதான், ஆனால் வேர் வெளியே தொங்கும். சோளகக் காற்றில் ஒரு நாள் தண்ணீர் தவறினாலும் சுருங்கும். முதலில் டென்ட்ரோபியத்தில் கை பழகட்டும்.

நல்லூர்_பூங்கன்று:
அண்ணை சொன்னது சரி. கடைக்குப் போனால் பூவைப் பார்த்து மயங்காதீர்கள், அடியைப் பாருங்கள். என் முதல் மூன்று கன்றும் போனது இதனால்தான். சாடியின் பக்கத் துளைகளில் வேர் தெரியும். நல்ல வேர் காய்ந்திருக்கும்போது வெள்ளி நிறம், தண்ணீர் பட்டதும் பச்சையாகும், நுனி பளபளவென்றிருக்கும். விரலால் மெல்ல அமர்த்துங்கள், கட்டியாக இருக்க வேண்டும். அழுகிய வேர் மண்ணிறமாகிச் சொதசொதக்கும், இழுத்தால் தோல் கழன்று நடுவில் நூல் மட்டும் மிஞ்சும். பிறகு தண்டைப் பிடித்து லேசாக அசையுங்கள். ஆடினால் வேண்டாம்.

இலை கரும்பச்சையாக இருந்தால் கன்று நிழலில் வளர்ந்திருக்கிறது, உங்கள் வெயிலுக்குச் சட்டென்று பழகாது. லேசான மஞ்சள் கலந்த பச்சை நல்லது. இலையின் அடியைத் திருப்பிப் பாருங்கள்: மண்ணிறப் புள்ளி நகத்தால் சுரண்ட வந்தால் அது செதில் பூச்சி. இலைக் கக்கத்தில் வெள்ளைப் பஞ்சு போல இருந்தால் மாப்பூச்சி. கடைசியாக வந்த தண்டு பழைய தண்டின் அளவுக்காவது பருத்திருந்தால் கன்று முன்னேறுகிறது என்று எடுக்கலாம்.

கோண்டாவில்_தோட்டம்:
தண்ணீரையும் மறக்க வேண்டாம். எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் ஊறுவன, சாடி விளிம்பில் வெள்ளைப் படை கட்டும், வேர் நுனியும் கருகும். ஐப்பசி, கார்த்திகையில் மழைத்தண்ணீரை மூடிய தொட்டியில் பிடித்து வையுங்கள். வருடம் முழுக்கப் போதாதுதான். கிழமைக்கு ஒரு முறையாவது அதைத் தாராளமாக ஊற்றி உப்பைக் கழுவினால் பெரிய வித்தியாசம் தெரியும்.

கொக்குவில்_முற்றம்:
எல்லோருக்கும் நன்றி. இன்று போனேன். கடைக்காரர் முதலில் கை நிறையப் பூத்திருந்த ஒன்றைத் தந்தார். அசைத்துப் பார்த்தேன், ஆடியது. பக்கத்தில் பூ இரண்டே இரண்டுள்ள கன்று, ஐந்து தண்டு, அடியில் வெள்ளி வேர். அதைத்தான் எடுத்தேன். ஆனால் சாடி முழுக்க ஈரத் தும்பு. இப்போதே மாற்றவா?

நல்லூர்_பூங்கன்று:
அருமையாகத் தெரிந்தெடுத்திருக்கிறீர்கள்! பூ முடியும் வரை பொறுங்கள். அடியில் புதுக் குருத்து வந்து அது வேர் விடத் தொடங்கும்போது மாற்றினால் கன்று சீக்கிரம் பிடிக்கும். மண் வேண்டாம். மரக்கரியும் உடைந்த ஓட்டுத் துண்டும் போதும். தேங்காய்ப் பொச்சுத் துண்டு சேர்ப்பதென்றால் சில நாள் ஊறவைத்து, சாயத் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றிவிட்டுப் போடுங்கள். அதுவரை மேல் தும்பு காய்ந்த பிறகு, காலையில் மட்டும் தண்ணீர். முதல் இரண்டு கிழமை மற்றக் கன்றுகளிலிருந்து தள்ளி வையுங்கள், பூச்சி ஏதும் இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும்.