பட்டர்வார்ட் இலை எடுக்க இதுதான் சமயம்

நான்: [படம்] பெரியம்மா, நீங்கள் கொடுத்த பூச்சி பிடிக்கும் செடி, அந்த பட்டர்வார்ட், இப்படி ஆகிவிட்டது. பெரிய இலையெல்லாம் வாடி, நடுவில் குட்டி குட்டியாகத்தான் இருக்கிறது. தொட்டால் பசையே இல்லை. செத்துப்போகுமா?

பெரியம்மா: இல்லைடா கண்ணா, நன்றாகத்தான் இருக்கிறது. இது மெக்சிகோ வகை, மோரனென்சிஸ். அங்கே குளிர்காலத்தில் மழை ரொம்பக் குறைவு. அதனால் பூச்சி பிடிப்பதை நிறுத்திவிட்டு, சதைப்பற்றுள்ள சின்ன இலைகளாக விட்டு ஒடுங்கிக்கொள்ளும்.

பெரியம்மா: தட்டில் தண்ணீர் நிற்க வேண்டாம். இப்போது அதிகம் ஊற்றினால் அடி அழுகிவிடும்.

அக்கா: அப்போ கொசு பிடிக்காதா பெரியம்மா?

பெரியம்மா: கொசுவுக்கு இதை நம்பாதேம்மா. தொட்டி மண்ணைச் சுற்றிப் பொடிசாகக் கறுப்புப் பூச்சி பறக்குமே, ஃபங்கஸ் நாட், அதுதான் இதற்கு ஏற்ற இரை. மறுபடி பெரிய இலை விட்டதும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார். மயிர்க்காம்புகளின் நுனியில் பசைத்துளி நிற்கும். பூச்சி ஒட்டியதும், காம்பில்லாத சுரப்பிகள் செரிமான நீரை விடும். சில நாளில் வெறும் கூடுதான் மிஞ்சும். எனக்கு அதைப் பார்க்க அலுக்கவே அலுக்காது. மண்ணில் உரம் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

சித்தப்பா: அண்ணி, ஆர்ஓ தண்ணீர் ஊற்றலாமா?

பெரியம்மா: சில மெஷினில் கடைசியில் மினரல் சேர்த்து விடும் தம்பி. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 50-க்குக் கீழே காட்டினால் தாராளமாக ஊற்றுங்கள். மழைத்தண்ணீர் இன்னும் நல்லது.

பெரியம்மா: கண்ணா, புதுச்செடி உண்டாக்க இதுதான் சரியான சமயம். பெரிய இலையிலும் வரும், ஆனால் நிறைய அழுகும். இந்தக் குண்டு இலையில் தேவையான சத்து சேர்ந்திருக்கிறது. வெளிவரிசை இலையைப் பிடித்துப் பக்கவாட்டில் மெதுவாக அசைத்து இழு. வெட்டாதே. அடியில் உள்ள வெள்ளைப் பகுதி இலையோடு வரவேண்டும். குருத்து அங்கேதான் கிளம்பும்.

நான்: [படம்] வெள்ளை அடியோடு வந்துவிட்டது! இதை எதில் வைப்பது?

பெரியம்மா: அருமை! பெர்லைட், வெர்மிகுலைட் என்று செடிக்கான லேசான கனிமத் துகள்கள் இருக்கும், இரண்டையும் கலந்து நனைத்து, மேலாகப் படுக்க வை. புதைக்காதே. மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா போதும். எல்இடி விளக்கடியில் தினமும் 12 மணி நேரம். நேர்வெயிலில் வைத்தால் மூடிய டப்பாவுக்குள் இலை வெந்துவிடும். சில வாரத்தில் பச்சைப் புள்ளி தெரியும்.

சித்தப்பா: தாய் இலை பழுத்தால் எடுத்துவிடலாமா அண்ணி?

பெரியம்மா: குட்டி வேர் விடும்வரை தொடாதீர்கள். பூஞ்சை பிடித்ததை மட்டும் எடுத்துவிட்டு, மூடியைக் கொஞ்ச நேரம் திறந்து வையுங்கள்.

அக்கா: என்னிடம் எசெரியானா என்ற இன்னொரு பட்டர்வார்ட் வகை இருக்கிறது. அதிலும் வருமா?

பெரியம்மா: அது இன்னும் சுலபம். கை பட்டாலே இலை உதிரும், விழுந்த இடத்திலேயே குட்டி போடும். தொட்டியில் தேடிப் பார்.

அக்கா: அட, ஓரத்தில் இரண்டு இருக்கிறது! பெயர்த்து எடுக்கலாமா?

பெரியம்மா: விரல்நகம் அளவு வளரட்டும். அப்புறம் எடு.