வீட்டை அலங்கரித்துப் பிள்ளைகளை வரவழைக்கும் ஹாலோவீன் சீட்டாட்டம்: முந்தியவரே வெல்வதை எப்படித் தடுப்பது?

மேப்பிள்நிழல் (கேள்வி):

கனடாவின் டொராண்டோ நகரில் உள்ள ஸ்கார்பரோவில், எங்கள் தெருவில் ஒவ்வோர் அக்டோபர் 31 அன்றும் ஹாலோவீனுக்காக வீடுகளை அலங்கரிப்பதையும், வேடமிட்ட பிள்ளைகள் வீடு வீடாக மிட்டாய் கேட்டு வருவதையுமே ஒரு சீட்டாட்டமாக ஆக்கிப் பார்க்கலாம் என்று நானும் என் பிள்ளைகளும் கோடை விடுமுறையில் தொடங்கினோம். மூவர் முதல் ஐவர் வரை ஆடலாம். ஒவ்வொருவருக்கும் ஒரு வீட்டு முகப்பு உண்டு. அதில் கதவு, சன்னல், படிக்கட்டு, புல்வெளி, வேலி, கூரை என்று அலங்காரத்துக்கு ஆறு இடங்கள் இருக்கின்றன. சுற்றுக்கு ஒரு சீட்டாக 48 அலங்காரச் சீட்டுகளிலிருந்து இறக்க வேண்டும். பிறகு நான்கு 'பிள்ளை' சீட்டுகளைத் திருப்பினால், அந்த நான்கு பிள்ளைகளும் அலங்கார மதிப்பு எந்த வீட்டில் மிக அதிகமோ அந்த வீட்டுக்கே செல்வார்கள். ஆறு சுற்றுகளில் 24 பிள்ளைகள்.

சிக்கல் என்னவென்றால், 12 அடி எலும்புக்கூடு யார் கையில் முதலில் விழுகிறதோ அவர் மூன்றாம் சுற்றிலேயே வென்றுவிடுகிறார். மற்றவர்கள் மீதி மூன்று சுற்றுகளையும் மரியாதைக்காக ஆடுகிறார்கள். என் இளைய மகள் சென்ற வாரம் அந்த மரியாதையையும் விட்டுவிட்டு, சீட்டுகளைக் கவிழ்த்துவிட்டு எழுந்து போய்விட்டாள். எலும்புக்கூட்டின் மதிப்பைக் குறைத்துப் பார்த்தேன். அதன் இடத்தைப் புகைக் கருவி பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். வேறு எதைத் திருத்த வேண்டும்?

வாசல்விளக்கு:

குறை எலும்புக்கூட்டில் இல்லை, உங்கள் வீடுகளில் மிட்டாய் தீராமல் இருப்பதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். உண்மையான தெருவில் மிகவும் பகட்டாக அலங்கரித்த வீட்டுக்குத்தான் கூட்டம் அதிகம். அந்த வீட்டில்தான் மிட்டாயும் முதலில் தீரும். ஆகவே ஒவ்வொருவருக்கும் தொடக்கத்தில் பத்து மிட்டாய் வில்லைகள் கொடுங்கள். பிள்ளை வந்தால் வில்லை போகும், புள்ளி வரும்.

அடுத்தது வாசல் விளக்கு. விளக்கு எரிந்தால் வரலாம், அணைந்திருந்தால் அந்த வீட்டைக் கடந்து போய்விட வேண்டும் என்பது வட அமெரிக்காவில் எல்லாப் பிள்ளைகளும் அறிந்த வழக்கம். இதை ஒரு சீட்டாகவே வைக்கலாம்: பிள்ளைகளைத் திருப்புவதற்கு முன் எல்லாரும் ஒரே நேரத்தில் தங்கள் விளக்குச் சீட்டைக் காட்ட வேண்டும், ஒரு முறை அணைத்தால் மறுபடி ஏற்றக் கூடாது. விளக்கு எரியும் வீட்டில் மிட்டாய் இல்லாமல் ஒரு பிள்ளை திரும்ப நேர்ந்தால் மூன்று புள்ளி போகும். 'ட்ரிக் ஆர் ட்ரீட்' (குறும்பா, மிட்டாயா) என்ற மிரட்டலின் முதற்பாதிக்கு உங்கள் ஆட்டத்தில் இப்போது இடமே இல்லை என்பதைக் கவனித்தீர்களா?

விரும்பினால் 'சர்க்கரைப் பங்கீடு' என்று ஒரு சிறப்புச் சீட்டும் சேர்க்கலாம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்காவில் 1942இல் தொடங்கிய சர்க்கரைப் பங்கீடு 1947இல்தான் நீங்கியது. அந்த ஆண்டுகளில் வீடு வீடாக மிட்டாய் கேட்கும் வழக்கம் பெரிதும் அடங்கியிருந்தது. அந்தச் சீட்டு வந்தால் எல்லாரும் ஆறு வில்லைகளோடு தொடங்கட்டும்.

டர்னிப்காரர்:

மேலே சொன்னதோடு அச்சத்தையும் சேர்க்க வேண்டும். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே சுவை என்று வைத்திருப்பதால்தான் ஒரே வீடு எல்லாரையும் இழுக்கிறது. பெற்றோர் கையைப் பிடித்துக்கொண்டு தேனீ உடுப்பில் வரும் மூன்று வயதுக் குழந்தை, முனகும் எலும்புக்கூட்டைக் கண்டால் நடைபாதையிலேயே அழத் தொடங்கிவிடும். அலங்காரச் சீட்டில் கவர்ச்சி, அச்சம் என இரண்டு எண்களும், பிள்ளைச் சீட்டில் அது தாங்கக்கூடிய அச்சத்தின் அளவும் இருக்கட்டும்.

பிள்ளைச் சீட்டுகளை ஒன்றாகக் கலைக்காதீர்கள்; நேரப்படி மூன்று அடுக்குகளாக வையுங்கள். டொராண்டோவில் அன்று மாலை 6 மணி அளவில் பொழுது சாய்கிறது. கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைக்கும் கோடைகால நேரம் 2007 முதல் நவம்பரின் முதல் ஞாயிறு வரை நீள்வதால் அந்த வெளிச்சம் சின்னவர்களுக்குக் கிடைக்கிறது. அவர்கள் முதலிலும், பள்ளிப் பிள்ளைகள் இருட்டியபின்னும், உடுப்புகூடப் போடாமல் தலையணை உறையைத் தூக்கிக்கொண்டு வரும் பதின்வயதினர் கடைசியிலும் வருவார்கள். குழந்தை ஒரு மிட்டாய் எடுத்து மூன்று புள்ளி தரட்டும்; பதின்வயதினர் இரண்டு எடுத்து ஒரு புள்ளி தரட்டும்.

நீலப்பச்சை நிறப் பூசணிக்கும் ஒரு சீட்டு வேண்டும். உணவு ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்காகத் தின்பண்டம் அல்லாத சிறு பொருள்களும் இங்கே கிடைக்கும் என்று அறிவிக்கும் அந்தப் பூசணி, 2014இல் அமெரிக்கா முழுவதற்குமான இயக்கமாகியது. ஒவ்வாமைப் பிள்ளையின் சீட்டு வேறு அலங்காரம் எதையும் பார்க்காமல் அங்கேயே போகும், வில்லையும் செலவாகாது. (என் பெயருக்கு ஏற்ப ஒரு டர்னிப் விளக்கையும் சேருங்கள். ஹாலோவீன் விளக்குக்கு அயர்லாந்தில் டர்னிப் என்ற கிழங்கைத்தான் குடைந்தார்கள். அமெரிக்கா வந்த பிறகே, பெரியதும் குடைய எளியதுமான பூசணிக்கு மாறினார்கள்.)

ஐந்தாம்கை:

இத்தனையையும் சேர்த்தால் ஒன்பது வயதுக் குழந்தை விதிமுறைத் தாளைப் படித்து முடிப்பதற்குள் நவம்பர் வந்துவிடும். நான் ஒரே ஒரு விதியைத்தான் மாற்றுவேன். ஒரு வீட்டுக்கு மட்டும் போய்விட்டுத் திரும்பும் பிள்ளையை எந்த ஹாலோவீனிலும் நான் பார்த்ததில்லை. அவர்கள் தெருவைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள், வீட்டை அல்ல. ஒரு வீட்டின் அலங்காரம் பக்கத்து வீட்டுக்கும் ஆள் சேர்க்கிறது. 'மிக உயர்ந்த மதிப்புள்ள வீடு' என்ற விதியை எடுத்துவிட்டு, ஆடுவோர் அமர்ந்திருக்கும் வரிசையையே தெருவாகக் கொள்ளுங்கள்: பிள்ளை ஒரு முனையிலிருந்து நடந்து வந்து, தன் எதிர்பார்ப்பை எட்டும் முதல் இரண்டு வீடுகளில் நிற்கட்டும். அளவுக்கு மேல் அலங்கரிப்பதால் பயன் எதுவும் இல்லாமல் போகும். எலும்புக்கூடு தானாக அடங்கும்.

ஸ்டெஃபான் டோரா வடிவமைத்து 1997இல் வெளிவந்த 'ஃபார் சேல்' சீட்டாட்டத்தை ஒரு முறை ஆடிப் பாருங்கள். முதற்பாதியில் வீடுகளை ஏலத்தில் எடுப்பதும், பிற்பாதியில் எல்லாரும் ஒரே நேரத்தில் சீட்டைக் காட்டி அவற்றை விற்பதும்தான் மொத்த ஆட்டமும். 30 என்ற மிக உயர்ந்த எண் கொண்ட வீட்டுச் சீட்டை அதிக விலை கொடுத்து வாங்கியவர் கடைசியில் வெல்வார் என்று சொல்லவே முடியாது.

வாசல்விளக்குக்கு ஒரு மறுப்பு: பங்கீட்டுச் சீட்டு வரலாற்றுக்கு நன்று, ஆட்டத்துக்கு வீண். எல்லாருக்கும் ஒரே அளவு குறைந்தால் யாருக்கும் முடிவெடுக்க எதுவும் இல்லை.

மேப்பிள்நிழல்:

மூவருக்கும் நன்றி. சனிக்கிழமை நால்வராக அமர்ந்து மூன்று ஆட்டங்கள் ஆடினோம். தெரு வரிசை, பத்து வில்லைகள், விளக்குச் சீட்டு, மூன்று நேர அடுக்குகள் ஆகியவற்றை வைத்துக்கொண்டேன். அச்சத்துக்கு எண் கொடுக்காமல், குழந்தைகள் நுழையாத அலங்காரங்களுக்கு ஓரத்தில் ஒரு மண்டையோட்டுக் குறி மட்டும் போட்டேன். பங்கீட்டுச் சீட்டை எடுத்துவிட்டேன், டர்னிப்பை எடுக்கவில்லை.

முதல் ஆட்டத்தில் தெருவின் தொடக்கத்தில் இருந்தவருக்கே எல்லாம் கிடைத்தது. அதனால் சுற்றுக்குச் சுற்று பிள்ளைகள் வரும் முனையை மாற்றினோம், அது சரியாகிவிட்டது. மூன்றாம் ஆட்டத்தில் எலும்புக்கூடு என்னிடம்தான் இருந்தது. கடைசிச் சுற்றில் என் மிட்டாய் தீர்ந்துவிட்டது, ஆனால் எனக்கு முந்திய வீட்டில் இருந்த இளைய மகளிடம் நான்கு வில்லைகள் இருந்ததால், வருபவர்கள் அவளிடமே நிற்பார்கள் என்று நம்பி விளக்கை எரியவிட்டேன். அவள் அந்த நான்கையும் வைத்துக்கொண்டே விளக்கை அணைத்துவிட்டாள். பதின்வயதினர் மூவர் நேராக என் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். ஒன்பது புள்ளி போயிற்று.